பாஸ்போர்ட் பாடம் நடத்துமா?

கொரியப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை பெரும்பாலும் இதுதான்: “நீ தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். பேசிக்கொண்டிருந்தாலே போதும். அவர்களுக்கு வேண்டியது உன் வாயிலிருந்து வரும் ஆங்கிலம்.” சொல்பவர் டப்ளினில் இருக்கலாம், டர்பனில் இருக்கலாம், ஸ்கார்பரோவில் குடியேறிவிட்ட யாழ்ப்பாணத்து மாமாவாகவும் இருக்கலாம். ஆங்கிலம் யாருக்குத் தாய்மொழியோ அவரே ஆங்கிலத்துக்கு நல்ல ஆசிரியர். கொரிய ஆசிரியர்கள் இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர்கள், ஆனால் வாய் திறக்க மாட்டார்கள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் வெளியிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். கொரிய அரசின் விசா விதி இந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. பிள்ளைகளைப் பெற்றவர்களும் நம்புகிறார்கள். நம் ஊரிலோ இதற்கு மறுபேச்சே கிடையாது.

இது கொஞ்சம் மிகையான நம்பிக்கை என்று மென்மையாகச் சொல்லிவிட்டு நகர எனக்கு விருப்பமில்லை. இது அடியோடு தவறு. புதிதாக வேலையில் சேர்பவரை முதல் வாரத்திலேயே கெடுப்பதும் இதுதான்.

முதலில் விதியைப் பார்ப்போம். கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்க வருபவருக்குத் தருவது ஈ-2 விசா. அதற்குத் தகுதியான நாடுகள் ஏழு: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. இந்த ஏழில் ஒன்றின் குடிமகனாக இருந்து, ஏதாவது ஒரு பட்டம் கையில் இருந்தால் போதும். கடல் உயிரியல் படித்தவரும் வரலாம், ஹோட்டல் நிர்வாகம் படித்தவரும் வரலாம். 1995-இல் தொடங்கிய எபிக் என்ற அரசுத் திட்டத்தின் வழியாகப் பொதுப்பள்ளிக்கு வருபவர், கல்வியியல் படிக்காதவராக இருந்தால், 120 மணி நேரச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்றை முடித்திருக்க வேண்டும். அதைப் பெரும்பாலானோர் வீட்டில் கணினி முன் உட்கார்ந்தே முடித்துவிடுகிறார்கள்.

இந்தியருக்கும் ஒரு கதவு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவும் கொரியாவும் செய்துகொண்ட பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி இந்தியரும் பள்ளிகளில் ஆங்கில உதவி ஆசிரியராகலாம். ஆனால் அவரிடம் பட்டத்தோடு, ஆங்கில ஆசிரியருக்குரிய தகுதிச் சான்றிதழும் இருக்க வேண்டும். இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருச்சியிலிருந்து போகிறவர் கற்பிக்கப் படித்திருக்க வேண்டும். டெக்சாஸிலிருந்து போகிறவருக்கு விசா அந்தக் கேள்வியையே கேட்காது. பிறந்த இடம் ஒரு பி.எட். பட்டத்துக்குச் சமம் என்று விசா அலுவலகம் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

பிறப்பால் தகுதி வந்துவிடாது என்பதைத் தமிழ்நாட்டில் நூறு ஆண்டுகளாக மேடை போட்டுப் பேசிவருகிறோம். கோயில் கருவறை வரைக்கும் அந்தக் கேள்வியைக் கொண்டுபோயிருக்கிறோம். ஆங்கிலம் என்று வந்ததும் அதே வாய் ஏன் அடைத்துக்கொள்கிறது? “அவன் பிறப்பிலேயே இங்கிலீஷ்காரன், நமக்கு அது வருமா” என்ற வாக்கியத்தில் உள்ள பிறப்பு என்ன வேறு பிறப்பா?

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. இலங்கையிலிருந்து கொரியத் தொழிற்சாலைகளுக்கு இளைஞர்கள் போகிறார்கள். 2004-இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தின்படி போகிற அவர்கள் கொரிய மொழித் தேர்வு எழுதித் தேறினால்தான் பட்டியலில் பெயர் ஏறும். வார்ப்பட ஆலையில் இரும்பு தூக்குபவருக்குக் கொரிய மொழி தெரிந்திருக்க வேண்டும். நாள் முழுவதும் கொரியக் குழந்தைகளோடு பேசி, அவர்களுக்கு ஒரு மொழியை விளக்க வேண்டியவருக்கு அது ஒரு சொல்கூடத் தெரிய வேண்டியதில்லை. பின்னவருக்குத் தெரியாமல் இருப்பதே தகுதி என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் பிறகு வருகிறேன்.

இந்த நம்பிக்கை வானத்திலிருந்து விழவில்லை. இதற்கு ஊரும் ஆண்டும் உண்டு. 1961-இல், இன்னும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த உகாண்டாவில், மக்கரேரே கல்லூரியில் ஆங்கிலக் கல்வி பற்றி ஒரு காமன்வெல்த் மாநாடு நடந்தது. ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே கற்பிக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவரே உயர்ந்த ஆசிரியர் என்பன போன்ற கொள்கைகள் அங்கே கெட்டிப்பட்டன. ராபர்ட் பிலிப்சன் 1992-இல் எழுதிய ‘மொழி ஏகாதிபத்தியம்’ பற்றிய நூலில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பொய் என்று நிறுவினார். ஆட்சி போகும் நேரத்தில் ஆசிரியர் வேலையையாவது தக்கவைத்துக்கொள்ள இதைவிட வசதியான கொள்கை வேறென்ன கிடைக்கும்? கொரியா பிரிட்டனின் காலனியாக ஒருநாளும் இருந்ததில்லை. அந்தச் சரக்கை அது காசு கொடுத்து வாங்கியது.

கொரியாவின் சொந்த வரலாறோ வேறு விதமாகப் பேசுகிறது. 1886-இல் கோஜொங் மன்னர் தலைநகர் சோலில் ஓர் அரசுப் பள்ளி தொடங்கி, மூன்று அமெரிக்க இளைஞர்களை ஆசிரியர்களாக வரவழைத்தார். மாணவர்கள் பிரபுக்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதிகாரிகளும். ‘தாய்மொழி ஆசிரியர்’ என்ற ஏற்பாட்டின் தூய வடிவம் அது. 1894-இல் பள்ளியை மூடிவிட்டார்கள். அந்த மூவரில் இன்று கொரியர் அன்போடு நினைவில் வைத்திருப்பவர் ஹோமர் ஹல்பர்ட். அவர் கொரிய மொழியில் இறங்கிப் படித்தார். படித்தவர்கள் சீன எழுத்தையே மதித்து, சொந்த எழுத்தான ஹங்குலை ஏளனம் செய்துகொண்டிருந்த நாளில், ஹங்குலில் உலகப் புவியியல் பாடநூல் ஒன்றை எழுதினார். ‘சமின்பில்ஜி’ என்று அதற்குப் பெயர். கொரியாவை ஜப்பான் விழுங்கியபோது கொரியருக்காக வெளிநாட்டுத் தலைநகரங்களில் கதவு தட்டியவரும் அவரே. அவரை நல்ல ஆசிரியராக்கியது வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்த பிறப்பா, சோலில் உட்கார்ந்து மாணவராக மாறிய உழைப்பா?

இனி வகுப்பறைக்குள் போவோம். கொரியாவில் கல்வியாண்டு மார்ச்சில் தொடங்கும். வாசலில் செருப்பைக் கழற்றி உள்ளே போடும் செருப்புக்கு மாறி, ஆசிரியர் அறையில் ஒதுக்கிய மேசையில் உட்கார்ந்து, தலைமை ஆசிரியருக்குக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் புதியவர் முதல் வகுப்புக்குப் போகிறார். கையில் தன்னைப் பற்றிய ஒரு பவர்பாயின்ட்: என் ஊர், என் நாய், எனக்குப் பிடித்த பீட்சா. பிள்ளைகள் ஆரவாரம் செய்வார்கள். வயது என்ன, காதலி உண்டா என்று கேட்பார்கள். எல்லாம் நன்றாகத்தான் போகும். அன்றைக்கு வரும் கைதட்டலைப் பாடம் நடந்ததற்கான சான்றாக எடுத்துக்கொள்வதில்தான் வினை ஆரம்பிக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எபிக் ஒப்பந்தப்படி வாரத்துக்கு 22 மணி நேரம் வகுப்பு. நடுநிலைப் பள்ளியில் ஒரு பாடவேளை 45 நிமிடம். சற்றே பெரிய பள்ளி என்றால் ஒவ்வொரு வகுப்பும் அவரை வாரம் ஒருமுறைதான் பார்க்கும். ஆண்டுக்கு 34 வாரப் பாடம். தேர்வு, விளையாட்டு விழா, சுற்றுலா எதுவும் குறுக்கே வராது என்றே வைத்துக்கொண்டாலும் 1,530 நிமிடங்கள். வகுப்பில் 27 பேர் இருந்து, நிமிடங்களைப் பாயசம் போல எல்லாருக்கும் சமமாக ஊற்றினால், ஒரு பிள்ளைக்கு ஆண்டு முழுவதற்கும் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. அதுவும் ஆசிரியர் வாயே திறக்காமல் இருந்தால். ஆண்டுக்கு ஒரு மணி நேரத்தில் பிறவி உச்சரிப்பு ஒட்டிக்கொள்ளும் என்று நம்புவதற்கு மொழியியல் போதாது, மந்திரம் வேண்டும். வாரத்தின் மற்ற ஆங்கில வகுப்புகளை நடத்துபவர் கொரிய ஆசிரியர்தான். பிள்ளைகளின் ஆங்கிலம் ஏறுவதும் இறங்குவதும் அவர் கையில்.

அப்படியானால் ஏன் பிள்ளைகள் பேசுவதில்லை? இத்தனை ஆண்டுகள் படித்தும் ஒரு வாக்கியம் வரவில்லையே என்ற குற்றச்சாட்டு கொரியாவுக்குள்ளேயே ஓயாமல் கேட்பது. காரணம் ஆசிரியரின் பிறப்பில் இல்லை, தேர்வில் இருக்கிறது. நவம்பரில் நடக்கும் சுநுங் என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 70 நிமிடம், 45 கேள்விகள். அவற்றில் 17 கேட்டு விடையளிப்பவை, மற்றவை படித்து விடையளிப்பவை. கேட்கும் பகுதி நடக்கும்போது சத்தம் கேட்கக் கூடாது என்று நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதையும் இறங்குவதையும் நிறுத்துகிறார்கள். விமானத்தையே நிறுத்தும் அந்தத் தேர்வில் பேசுவதற்கு ஒரு மதிப்பெண் கிடையாது, எழுதுவதற்கும் கிடையாது. பள்ளி அளவில் பேச்சுக்குச் சிறிது மதிப்பெண் உண்டு, அவ்வளவே. வாழ்க்கையை முடிவு செய்யும் தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதில் அவர்கள் கெட்டிக்காரர்களும்கூட. வாய் திறக்காத பிள்ளையைப் பார்த்துப் புதிய ஆசிரியர் ‘கூச்சம், கலாச்சாரம்’ என்று எழுதிவைக்கிறார். அது கூச்சமல்ல, நேர நிர்வாகம். இரவு பத்து மணி வரை ஹாக்வோன் எனும் தனிப்பயிற்சி நிலையத்தில் உட்காரப்போகிற பிள்ளைக்குத் தன் நேரத்தின் விலை தெரியும். 2023-இல் மட்டும் கொரியக் குடும்பங்கள் இப்படித் தனிப்பயிற்சிக்குச் செலவழித்தது 27.1 லட்சம் கோடி வோன்.

உச்சரிப்பு பற்றிய வாதம் இதைவிட நொண்டி. 2008-இல் புதிய அதிபர் பதவியேற்கும் முன் அமைந்த ஆட்சி மாற்றக் குழுவின் தலைவி, கொரியர்கள் ‘ஒரெஞ்ஜி’ என்று சொன்னால் அமெரிக்காவில் யாருக்கும் புரிவதில்லை, எழுத்துமுறையையே மாற்றி அமெரிக்கர் வாயில் வருவதுபோல எழுத வேண்டும் என்று பேசியபோது நாடே சிரித்தது. சிரித்தவர்களில் எத்தனை பேர் அன்று மாலையே பிள்ளையை அமெரிக்க வாய் உள்ள ஹாக்வோனுக்கு அனுப்பினார்களோ. அதற்கும் முன்பே, ஆங்கில உச்சரிப்பு திருந்தட்டும் என்று குழந்தைகளின் நாக்கின் அடிச்சதையில் அறுவை செய்விக்கும் பெற்றோரைப் பற்றிய செய்திகள் வந்து, கொரிய மனித உரிமை ஆணையமே 2003-இல் தயாரித்த ஒரு தொகுப்புப் படத்தில் இயக்குநர் பாக் ஜின்-பியோ அதைக் குறும்படமாக எடுத்தார். அமெரிக்காவில் பிறந்த கொரிய வம்சாவளியினரின் நாக்கு மட்டும் எப்படித் தானாக நீண்டது என்று அந்த மருத்துவர்களிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

உச்சரிப்பில் கொரியப் பிள்ளைக்கு இருக்கும் சிக்கல் நாக்கில் இல்லை, அசையில் இருக்கிறது. அவர்கள் மொழி மெய்யெழுத்துகளை அடுக்காது. நடுவில் உயிரைச் செருகும். ‘ஸ்ட்ரைக்’ அங்கே ஐந்து அசையாக நீளும்: ஸு-து-ரா-இ-கு. ‘பஸ்’ அவர்களுக்கு ‘பொஸு’. நாம் மட்டும் என்ன? பஸ்ஸு, காரு, பேங்கு, இஸ்கூலு. மெய்யில் முடிகிற சொல்லை வெறுமனே விட மனம் வராமல் ஓர் உகரத்தை ஒட்டிப் பழகிய வாய் நம்முடையது. அந்த உகரத்தை உதறக் கற்றுக்கொண்ட தமிழ் ஆசிரியருக்கு, எங்கே உதட்டை நிறுத்த வேண்டும் என்று சொல்லத் தெரியும். லீட்ஸில் பிறந்தவருக்கு அந்த உகரம் இருந்ததே இல்லை. அவரால் சரியாகச் சொல்லிக்காட்ட முடியும், திரும்பத் திரும்பச் சொல்லிக்காட்ட முடியும், சத்தமாகச் சொல்லிக்காட்ட முடியும். மீன்குஞ்சுக்கு நீச்சல் பழக்க வேண்டாம் என்பார்கள். அதற்காக மீனிடம் போய் யாரும் நீச்சல் பழகுவதில்லை.

இலக்கணத்தில் இது இன்னும் தெளிவு. ‘நான் நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதைக் கொரியர் ‘நெகா ஒஜே சான் செக்’ என்பார்கள். நான், நேற்று, வாங்கிய, புத்தகம் – சொல்லுக்குச் சொல் அதே வரிசை. வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், பெயரை விளக்கும் தொடர் பெயருக்கு முன்னால் நிற்கும், ஆளைப் பார்த்து மரியாதை மாறும். ஆங்கிலம் இவ்வளவையும் தலைகீழாகப் புரட்டிப்போடுகிறது. ‘நீ சாப்பிடலையா?’ என்று கேட்டால் ‘ஆமா, சாப்பிடலை’ என்று அவர்களும் சொல்வார்கள், நாமும் சொல்வோம். ஆங்கிலத்தில் அந்த ‘ஆமா’ கேட்டவரைக் குழப்பிவிடும். இந்தப் புரட்டலில் தானும் ஒருமுறை விழுந்து எழுந்தவருக்குக் குழந்தை எந்தப் படியில் சறுக்கும் என்று முன்கூட்டியே தெரியும். மற்றவர் “அப்படித்தான் சொல்வோம், காதுக்குச் சரியாகப் படுகிறது” என்பார். காது அவருடையது. (அம்மா, அப்பா என்ற சொற்களைக் காட்டி, பழங்கதையில் கொரியாவுக்குப் போன ஓர் இளவரசி நம்மூர்ப் பெண்தான் என்று பகிரப்படும் காணொளிகளை நான் இங்கே துணைக்கு அழைக்கவில்லை. உறவு இல்லாத இரண்டு மொழிகள் ஒரே மாதிரி வாக்கியம் அமைக்கலாம். ஆசிரியருக்கு அந்த அமைப்பு போதும், இளவரசி வேண்டாம்.)

பொதுமொழி இல்லாததே நல்லது, அப்போதுதான் பிள்ளை வேறு வழியில்லாமல் ஆங்கிலத்தில் பேசும் என்பவர்களிடம் வருவதாகச் சொன்னேன். வேறு வழி எப்போதும் இருக்கிறது: பேசாமல் இருப்பது. ஆங்கிலத்தில் கட்டளை வரும், வகுப்பு முழுவதும் பின்னால் நிற்கும் கொரிய ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும், அவர் அரை வாக்கியத்தில் கொரிய மொழியில் சொல்வார், வேலை நடக்கும். புதியவர் தன் ஆங்கிலம் வேலை செய்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

அந்தப் பின்னால் நிற்பவர் யார்? ஆங்கிலக் கல்வியில் பட்டம் பெற்று, அரசு ஆசிரியர் நியமனத்துக்கான கடும் போட்டித் தேர்வை எழுதி, அதன் இரண்டாம் சுற்றில் ஆங்கிலத்திலேயே பாடம் நடத்திக் காட்டித் தேறியவர். பல பேர் ஆண்டுக்கணக்கில் முட்டி மோதித் தோற்கிற தேர்வு அது. அரசின் காகிதத்தில் வெளிநாட்டவரின் பதவிப் பெயர் ‘உதவி ஆசிரியர்’ என்றே இருக்கிறது. வகுப்பறையில் மட்டும் பாத்திரங்கள் இடம் மாறிவிடுகின்றன. படித்துத் தேறியவர் மொழிபெயர்ப்பாளராகவும் கணினிப் பொத்தானை அமுக்குபவராகவும் ஓரமாக நிற்கிறார். உதவியாளர் நடுவில் நிற்கிறார். இத்தனைக்கும் பெற்றோர் தொல்லை, நிர்வாகக் காகிதம், வகுப்புப் பொறுப்பு எல்லாம் கொரிய ஆசிரியர் தலையில்தான். 2023 கோடையில் சோலில் ஓர் இளம் தொடக்கப் பள்ளி ஆசிரியை இறந்த பிறகு ஆசிரியர்கள் வாரா வாரம் தெருவில் திரண்டதே, அந்தச் சுமையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை என்ற கோபத்தில்தான்.

பிறப்பை வைத்து ஆளை எடுக்கும் ஏற்பாடு, எடுக்கப்பட்டவருக்கும் நன்மை செய்யவில்லை. 2007-இலிருந்து ஈ-2 விசாவில் வரும் ஆசிரியர்கள் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு உட்பட வேண்டும் என்று விதி வந்தது. கொரிய ஆசிரியருக்கு அது கிடையாது, கொரிய வம்சாவளி அமெரிக்கருக்கும் கிடையாது. நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் மறுத்து, வழக்கை ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்புக் குழு வரை கொண்டுபோனார். 2015-இல் அது பாகுபாடு என்று குழு சொன்னது. 2017-இல் விதி போனது. உடம்பைப் பார்த்து மாலை போட்டவர்கள் அதே உடம்பைப் பார்த்துச் சந்தேகமும் பட்டார்கள்.

வெளிநாட்டு ஆசிரியரால் பயனே இல்லை என்று சொன்னால் அது அழிச்சாட்டியம். வேற்று முகத்தைப் பார்த்ததும் உறைந்துபோகும் பயத்தை அவர்கள் போக்குகிறார்கள். ஹாக்வோன் பேருந்து போகாத தென் சொல்லா மாகாணத்துத் தீவுப் பள்ளியில், அவர் ஒருவர்தான் பிள்ளைகள் வாழ்நாளில் ஆங்கிலத்தில் பேசிப் பார்க்கும் முதல் ஆள். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் பயத்தைப் போக்க ஏழு நாட்டு முகம்தான் வேண்டும் என்பது எங்கிருந்து வந்தது? அந்தத் தீவுக்குக் கற்பிக்கத் தெரிந்த ஒருவர் போகட்டும். மதுரையிலிருந்து போகட்டும், நைரோபியிலிருந்து போகட்டும், மெல்பர்னிலிருந்தும் போகட்டும். எல்லாரிடமும் ஒரே சான்றிதழைக் கேளுங்கள், எல்லாரையும் ஹங்குல் படிக்கச் சொல்லுங்கள். ஹங்குல் ஒன்றும் மலையல்ல. மனம் வைத்தால் ஒரு வாரத்தில் கடைப்பலகை வாசிக்கலாம். வேலையில் சேரும் புதியவரும் பவர்பாயின்ட்டில் நாய்ப் படத்தை ஒட்டும் நேரத்தில், பக்கத்து மேசையில் இருப்பவரிடம் போன ஆண்டு வினாத்தாளைக் கேட்டு வாங்கி, எந்தக் கேள்வியில் பிள்ளைகள் அதிகம் விழுந்தார்கள் என்று விசாரித்தால் அவருக்கு மார்ச் மாதம் வீணாகாது.

பெற்றோர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பது கடைசியாக வரும் பதில். வரிப்பணம் அவர்களுடையது, அவர்களுக்கு ‘அசல்’ ஆசிரியர்தான் வேண்டும் என்கிறார்கள். பிலிப்பைன்ஸ்காரருக்கு ஈ-2 பட்டியலில் இடம் கிடையாது. அந்த விசாவில் அவர் சோலில் ஒரு பள்ளி வகுப்பறைக்குள் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆனால் விடுமுறை வந்தால் செபுவிலும் பாகியோவிலும் உள்ள ஆங்கிலப் பயிற்சி நிலையங்கள் கொரியப் பிள்ளைகளால் நிரம்புகின்றன. விடுமுறை முடிந்து ஊர் திரும்பியவர்கள் அதே பிலிப்பைன்ஸ் ஆசிரியரிடம் கணினித் திரை வழியாக மாதக் கட்டணம் கட்டிப் படிக்கிறார்கள். அந்த விமான டிக்கெட்டையும் அந்தக் கட்டணத்தையும் கட்டுகிறவர்கள் இதே பெற்றோர்தானே.